ஆர்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா?
வெளிநாட்டுப் பணிக்குப் போகும் படைவீரர் குடும்பங்களுக்கான கேள்வி–பதில்

அமெரிக்கப் படையில் தமிழ்க் குடும்பங்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களையும் படையில் சேர்க்க 2009-ல் தொடங்கி, 2016-ல் ஆள் எடுப்பது நின்றுபோன 'மாவ்னி' திட்டத்தில், படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் போன பலர் அந்த வழியாகச் சீருடை போட்டார்கள், குடியுரிமையும் பெற்றார்கள். இன்று அவர்களுக்கு மனைவி, குழந்தை, கிரைண்டர் எல்லாம் உண்டு. ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ மாற்றல் உத்தரவு ('ஆர்டர்') வந்ததும் வீட்டில் எழும் கேள்விகள்தான் இந்த இதழில். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் கணவருக்கு ஜெர்மனிக்கு ஆர்டர் வந்துவிட்டது. அதில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. "நீ டிக்கெட் போட்டு வந்துவிடு, அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். போகலாமா? – வாசகி, கிலீன், டெக்ஸாஸ்

போகாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஆர்டரில் உங்கள் பெயர் ஏறுவதற்குக் 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' என்று பெயர். அது இருந்தால்தான் உங்கள் பயணச் செலவு, வீட்டுச் சாமான், குடும்ப விகிதத்தில் வாடகைப் படி, பிள்ளைகளுக்குப் படைத்துறைப் பள்ளியில் உறுதியான இடம், டிரைகேர் பிரைம் (படைக் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம்), திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் அரசு பொறுப்பு. அது இல்லாமல் சொந்தக் காசில் போய் இறங்கினால் நீங்கள் மனைவிதான், ஆனால் அலுவலகக் கணக்கில் அங்கே இல்லாதவர். போன பிறகும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் நீங்கள் வந்த பிறகு அவருக்கு அங்கே குறைந்தது 12 மாதப் பணி மிச்சம் இருக்க வேண்டும். பல சமயம் பணிக்காலத்தையே நீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஜெர்மனியில் தனியாகப் போனால் 24 மாதம், குடும்பத்தோடு போனால் 36 மாதம் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் பெயர் ஏறாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவப் பரிசோதனை முடியாததுதான். தரைப்படையில் டிஏ 5888 என்ற படிவத்தில், கூடப் போகும் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கைக்குழந்தைக்கும் உண்டு. யாருக்காவது தொடர்சிகிச்சை தேவை என்றால் டிடி 2792, பள்ளியில் சிறப்புக் கல்வி என்றால் 2792-1. அந்த ஊரில் அதற்கு மருத்துவர் உண்டா என்று அங்கே கேட்டு, பதில் வந்த பிறகே ஒப்புதல். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆர்டர் வந்த வாரமே நேரம் வாங்குங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா, பேச்சுப் பயிற்சி என்று இருப்பதை "சொன்னால் கெட்டுவிடும்" என்று மறைக்கும் வீடுகள் உண்டு. போன பிறகு தெரிந்தால் குடும்பத்தை நடுவில் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைக்கு அங்கே சிகிச்சையும் கிடைக்காது, ஒரே வருடத்தில் இரண்டு முறை வீடு மாற்ற வேண்டும்.

அடுத்து, தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று: பெயர். நம்மில் பலருடைய இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். அது கிரீன் கார்டிலும் தொடரும். பிறகு குடும்பத்தாரைப் பதியும் படையின் 'டீர்ஸ்' பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆர்டரில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இன்னொரு மாதிரி. விமான நிலையக் கவுண்டரில் நின்று "நான்தான் அந்த எஃப்என்யூ" என்று விளக்குவது தேவையில்லாத வேலை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராக ஏற்றிக்கொள்ளுங்கள். அதன்படி டீர்ஸைத் திருத்தி, அதற்குப் பிறகு ஆர்டரில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் வந்த பின் பெயரைத் திருத்தினால் திருத்த ஆர்டர் வாங்க வேண்டும், டிக்கெட்டும் அதோடு நிற்கும். டீர்ஸுக்குத் திருமணப் பத்திரிகையும் கோயில் ரசீதும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ்தான் வேண்டும்.

நான் கிரீன் கார்டு வைத்திருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். மூன்று வருடம் ஜெர்மனியில் இருந்தால் கிரீன் கார்டு போய்விடும் என்று தோழி பயமுறுத்துகிறாள். குடியுரிமைக்கும் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டுமாமே? – வாசகி, ஃபேயட்வில், வட கரோலினா

தோழி சொல்வது மற்றவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. படைவீரரின் மனைவி ஆர்டர்படி கூடப் போய் இருக்கும் காலத்தில், நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதாகக் கருத மாட்டார்கள் என்று குடிவரவுச் சட்டத்திலேயே இருக்கிறது. கார்டு காலாவதி ஆனாலும், கணவரின் பணி முடிந்து அவரோடு திரும்பும்போதோ, அவர் திரும்பி நான்கு மாதத்துக்குள் நீங்கள் திரும்பும்போதோ, ஆர்டர் நகலோடு காட்டினால் செல்லும். அந்த நகலைச் சாமான் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். திருமணத்தின் பேரில் கிடைத்த இரண்டு வருடக் கார்டு என்றால் கணக்கு வேறு. நிபந்தனையை நீக்கும் மனுவை உரிய காலத்தில் போட்டே ஆக வேண்டும், வெளிநாட்டில் இருந்தாலும்.

குடியுரிமைக்கு உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஆர்டர்படி கணவரோடு வெளிநாட்டில் இருக்கும் நாட்களை அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணிக்கொள்வது. நேர்காணல், உறுதிமொழி எல்லாம் வெளிநாட்டிலேயே முடியும். இன்னொன்று, அமெரிக்கக் குடிமகனான கணவருக்குக் குறைந்தது ஒரு வருட வெளிநாட்டுப் பணி என்றால், இத்தனை வருடம் குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் உறுதிமொழி எடுக்க அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் என்-400 படிவம்தான். கூடவே டிடி 1278 என்ற வெளிநாட்டுப் பணிச் சான்றைக் கணவரின் அலுவலகத்தில் வாங்கி இணைக்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் சாதாரண விண்ணப்பம் போலவே எண்ணி, "நாட்கள் போதவில்லை" என்று பதில் வரும்.

குடியுரிமை வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும், பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை). இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாட்டுப் படையில் இருப்பவருக்கும் இருந்து ஓய்வு பெற்றவருக்கும் இந்தியா ஓசிஐ தருவதில்லை. நீங்கள் சீருடை போடாதவர், உங்களுக்கு அந்தத் தடை இல்லை. கணவர் ஊருக்கு வர விசாதான். சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு டிக்கெட் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

குடியுரிமை வரும்வரை, கட்டணமில்லாத அரசுப் பாஸ்போர்ட் உங்களுக்குக் கிடையாது, அது குடிமக்களுக்கு மட்டும். அமெரிக்கக் குடிமகனான உங்கள் பிள்ளைக்கு அது வேண்டும் (டிடி 1056, டிஎஸ்-11), சுற்றுலாவுக்குச் சாதாரணப் பாஸ்போர்ட் தனியாக. உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே 'சோஃபா' முத்திரை. உட்காரும் சோஃபா இல்லை, படைகளின் சட்ட நிலை பற்றி நேட்டோ நாடுகள் 1951-ல் செய்த உடன்படிக்கையின் சுருக்கப் பெயர். ஜெர்மனிக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்பதைப் படைத்தளத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் ஜெர்மன் துணைத் தூதரகத்திலும் டிக்கெட்டுக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவில் வேறு நாட்டில் விமானம் மாறுவதானால் அந்த நாட்டு இடைவழி விசாவையும் பாருங்கள். முத்திரை ஜெர்மனிக்கான நிலை. வார இறுதியில் பாரிஸ் கிளம்பும் முன் அந்த நாட்டு விதியைத் தனியாகக் கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் என்றால் ஃபிராங்க்ஃபர்ட் இந்தியத் துணைத் தூதரகம், கிராஃபன்வோர் பக்கம் என்றால் முனிக்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தால் இங்கே வாங்கிய வெட் கிரைண்டர் ஜெர்மனியில் ஓடுமா? மிக்சி? ரைஸ் குக்கர்? – வாசகி, கிளார்க்ஸ்வில், டென்னசி

இந்த மாதம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான், நியாயமும்கூட.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜெர்மனியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு போகும். 60-க்குச் செய்தது 50-ல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். அது மட்டும் என்றால் உளுந்து இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே வோல்ட்டில் ஹெர்ட்ஸ் குறையும்போது மோட்டார் இரும்புக்குள் காந்தப் புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரும்பு அதைத் தாங்காமல் சூடாகிறது. முதலில் ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல், பிறகு மாவு வெதுவெதுப்பாகும், பிறகு வார்னிஷ் கருகும் வாசனை. அந்த வாசனை வந்த பிறகு அணைப்பதில் பயனில்லை, காயில் போய்விட்டது. எத்தனை வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் இது மாறாது.

வழி எளிது. கோயம்புத்தூரில் நம் வீடுகளுக்கென்று விற்கும் கிரைண்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜெர்மனிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஊரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். பிளக் மட்டும் பொருந்தாது. கடையில் கிடைக்கும் இரண்டு முள் அடாப்டரைப் போடாதீர்கள், எர்த் விட்டுப்போகும். தண்ணீரும் இரும்பும் சேரும் இடத்தில் எர்த் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வயரில் ஜெர்மன் 'ஷூகோ' பிளக்கையே மாட்டிவிடுங்கள்.

மிக்சி வேறு சாதி. அதில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்படாது. அமெரிக்க 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். சட்னி கெட்டியாகிப் பிளேடு திணறும்போது அது இழுக்கும் கரண்ட்டுக்காகத்தான் இரண்டு மடங்கு. ரைஸ் குக்கரும் வெறும் சூட்டுச் சுருள்தான், வோல்ட் சரியாக இருந்தால் போதும். மறந்துபோய் 120 வோல்ட் குக்கரை நேராக 230-ல் செருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு வாட் இழுத்து அன்றே போய்விடும். மைக்ரோவேவுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிரைண்டரின் அதே நோய், அங்கேயே வாங்குங்கள். போன், லேப்டாப் சார்ஜரில் '100–240' என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றினால் போதும். டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாக வாங்க வேண்டாம். திரும்பிப் போகும் குடும்பங்கள் தளத்துத் திரிஃப்ட் (பழைய சாமான்) கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். வேலை முடிந்ததும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், சும்மா இருந்தாலும் கரண்ட் குடிக்கும்.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு: கொரியாவில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே அமெரிக்கக் கிரைண்டர் டிரான்ஸ்ஃபார்மரோடு நன்றாக ஓடும். கோவைக் கிரைண்டர் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், அரைப்படி போட்டு அரையுங்கள். ஜப்பானில் வெளி வீடுகளில் 100 வோல்ட். யோகோசுகா பக்கம் 50 ஹெர்ட்ஸ், சசெபோ, இவகுனி, ஒகினாவாவில் 60. வேடிக்கை என்னவென்றால் 100-ஐ 50-ஆல் வகுத்தாலும் 120-ஐ 60-ஆல் வகுத்தாலும் விடை இரண்டுதான். அதனால் யோகோசுகாவில் அமெரிக்கக் கிரைண்டர் மெதுவாக ஓடும், ஆனால் சூடாகாது.

எந்தச் சாமானை எதில் அனுப்புவது என்று குழப்பமாக இருக்கிறது. கணவர் சார்ஜன்ட். – வாசகி, எல் பாசோ, டெக்ஸாஸ்

மூன்று வண்டி. முதலில் போவது 'அன்அக்கம்பனிட் பேகேஜ்', எடை குறைவு, சீக்கிரம் வரும். கூட வருபவர்களில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 350 பவுண்டு, அதற்குக் கீழ் 175. அடுத்தது கப்பலில் போகும் முழு வீட்டுச் சாமான், வந்து சேர இரண்டு மூன்று மாதம். மூன்றாவது அமெரிக்கக் கிடங்கிலேயே தங்குவது. இ-5 சார்ஜன்ட்டுக்குக் குடும்பத்தோடு மொத்தம் 9,000 பவுண்டு, ஏறக்குறைய 4,080 கிலோ. மீறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கிடங்கில் வைப்பதும் இந்தக் கணக்கில் சேரும். உங்கள் தொழிலுக்கான புத்தகம், கருவி இருந்தால் மனைவிக்கென்று 500 பவுண்டு வரை தனியாக உண்டு. ஆனால் பேக் செய்பவர் பட்டியலில் அதைத் தனியே எழுதியிருக்க வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது.

முதல் வண்டியில் குக்கர், இரண்டு பாத்திரம், இட்லித் தட்டு, போர்வை, குளிர் உடை, பிள்ளையின் பொம்மை. கிடங்கில் டிரையர், அமெரிக்க ஃபிரிட்ஜ், பெரிய சோஃபா (இது உட்காருவது). ஜெர்மன் மாடிப்படியில் அது ஏறாது. கப்பல் சாமான் வரும்வரை தளத்தில் கட்டில், மேஜை, நாற்காலி இரவல் தருவார்கள்.

எண்ணெய், ஊறுகாய் ஜாடி, ஸ்பிரே, கேஸ் சிலிண்டர் எதையும் எடுக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு மூட்டையை அனுப்பினால் மூன்று மாதம் கழித்து வண்டுதான் வரும். நகை ஒரு குண்டுமணிகூட வண்டியில் போகக் கூடாது. படம் எடுத்து, ரசீதோடு கையில்.

பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு சுருக்கெழுத்தைப் பாருங்கள். 'பிபிஓ' என்றால் நீங்களே கட்டிய பெட்டி, உள்ளே உடைந்தால் அவர்கள் பொறுப்பு இல்லை என்று வாதாட இடம் கொடுக்கும். அவர்களே திறந்து கட்டட்டும். 'எம்சியூ' என்றால் சாதனம் ஓடுகிறதா தெரியாது என்று பொருள். டிவியை ஓடவிட்டு அவர்கள் முன்னாலேயே வீடியோ எடுங்கள். சேதம் இருந்தால் சாமான் வந்த 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். புதிய பொருளின் முழு விலை வேண்டுமானால் 9 மாதத்துக்குள் கோரிக்கை. கணவர் பயிற்சிக் களத்தில் இருக்கும் நாளில்தான் லாரி வரும், இது எழுதாத விதி. ஆகவே சாமான் வாங்க, வீட்டு ஒப்பந்தம் போட, கார் எடுக்க உங்கள் பேரில் பவர் ஆஃப் அட்டர்னி கிளம்பும் முன்பே வேண்டும்.

தளத்துக்கு வெளியே வாடகை வீடு பார்க்கச் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, கிராஃபன்வோருக்கு மாற்றலாகிறவர்

முதலில் பணம். அமெரிக்காவில் வாடகைப் படியில் மிச்சம் பிடித்தால் அது உங்களுக்கு. வெளிநாட்டுப் படி அப்படி இல்லை, உச்சவரம்புக்குள் உண்மையான வாடகை எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் சின்ன வீடு பார்த்து மிச்சம் பிடிக்கும் கணக்குப் பலிக்காது. ஹோட்டலில் இருக்கும் நாட்களுக்குப் பொதுவாக 60 நாள் வரை தற்காலிகப் படி உண்டு. பத்து நாளுக்கு ஒருமுறை, எந்தெந்த வீடு பார்த்தோம் என்று தேதியோடு காட்ட வேண்டும். குறிப்பு எழுதாமல் விட்டால் அடுத்த பத்து நாள் பணம் நிற்கும்.

ஒப்பந்தத்தை ஹவுசிங் அலுவலகம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு முன்கூட்டியே பணம் தரும் ஏற்பாடு படையில் உண்டு. பல ஜெர்மன் வீடுகளில் சமையலறை என்றால் குழாயும் சுவரும் மட்டும். அலமாரி, அடுப்பு, சிங்க் எல்லாம் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். 'ஐன்பவ்க்யூஷ' (அலமாரி, அடுப்போடு பொருத்திய சமையலறை) இருக்கிறதா என்று கேளுங்கள். துணி அலமாரி தளத்தில் கிடைக்கும். அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடாகாது.

பிறகு சத்தமும் ஆவியும். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். நாம் வாரம் முழுவதற்கும் மாவு அரைப்பது எப்போது? ஞாயிறு மாலை. சனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கிரைண்டருக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள். வீடுகள் காற்றுப் புகாமல் கட்டியவை. இட்லி ஆவியும் சாம்பார் கொதியும் குளிர்ந்த மூலைச் சுவரில் போய் நீராகிக் கரும்பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைப்பது போதாது, அது சுவரைத்தான் குளிர வைக்கும். தினம் இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும். இதற்கு 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சில ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். பூஞ்சை பிடித்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். குடி புகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து ஒப்படைப்புக் குறிப்பில் ஏற்றுங்கள்.

பெரிய பொருள் வாங்கும் முன் தளத்தில் 'வாட்' (மதிப்புக் கூட்டு வரி) விலக்குப் படிவம் வாங்குங்கள். 600 யூரோ வாஷிங் மெஷினில் 19 விழுக்காடு வரி ஏறக்குறைய 96 யூரோ. படிவம் முதலில், பில் பிறகு. பில் தேதி முந்தியிருந்தால் அந்தப் படிவம் வெறும் காகிதம்.

மகள் ராம்ஸ்டைனில் இருக்கிறாள், பிரசவத்துக்கு நான் போக வேண்டும். மருமகன் படையில் இருப்பதால் எனக்கு விசா தேவையில்லை என்கிறார்கள், சரியா? என்னென்ன கொண்டு போகலாம்? – ஒரு அம்மா, மதுரை

சரியில்லை அம்மா. சோஃபா நிலை படைவீரர், மனைவி, பிள்ளைகளுக்கு. பெற்றோரைப் படையே சார்ந்தவர்களாக ஏற்றிருந்தால்தான் அவர்களுக்கும், அது அபூர்வம். உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்: 180 நாளில் 90 நாள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. சென்னை வழியாக விண்ணப்பம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். மகளின் பாஸ்போர்ட் சோஃபா பக்கம், மருமகனின் ஆர்டர், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வாங்கி வையுங்கள். 90 நாளைப் பிரசவத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதாகப் போய் நாளைக் கழித்துவிட்டு, குழந்தை பிறந்த மூன்றாம் வாரம் திரும்பும் பாட்டிகள் நிறைய.

பெட்டியில் நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, கருவாடு அல்லாத எந்த இறைச்சி வகையும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, பிடுங்கிவிடுவார்கள். காய வைத்துப் பொடியாகக் கொண்டு போங்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. பிரசவ லேகியத்தை நெய் இல்லாமல் பொடியாகவே எடுத்துப் போய், அங்கே நெய் வாங்கிக் கிளறுங்கள்.

தளத்துக் கடையில் நீங்கள் வாங்க முடியாது. அங்கே வரியில்லாமல் வாங்கியதைப் பக்கத்து ஜெர்மன் வீட்டுக்குக் கொடுப்பதோ விற்பதோ சுங்கக் குற்றம். அந்த மைதாவில் முறுக்குச் சுட்டு விற்பதும் அதில்தான் சேரும்.

மருமகனிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் மகள் இன்னும் இந்தியக் குடிமகள் என்றால், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக, தந்தை அதற்கு முன் மொத்தம் ஐந்து வருடம் (14 வயதுக்குப் பின் குறைந்தது இரண்டு) அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். மாணவராக இருந்த காலமும், படையில் வெளிநாட்டில் இருந்த காலமும் சேரும். படித்த சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் முத்திரை, படைப் பதிவு எல்லாம் எடுத்து வைக்கட்டும். சீக்கிரம் குடியுரிமை கிடைத்த சிலருக்கு இந்த ஐந்து வருடம் நிறைந்திருக்காது. ஜெர்மனியில் பிறந்ததால் மட்டும் ஜெர்மன் குடியுரிமை வராது. பிறப்பைப் பதிந்ததும் ஃபிராங்க்ஃபர்ட் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை, பிறகு பாஸ்போர்ட், டீர்ஸ், டிரைகேர். வெளிநாட்டில் பச்சைக் குழந்தைக்கு டிரைகேரில் 120 நாள் அவகாசம்.

இன்னும் கிளம்பாத கர்ப்பிணிகளுக்கு: படையின் வாடகை விமானத்தில் 34 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் நாயை யோகோசுகாவுக்குக் கூட்டிப் போக எவ்வளவு நாள் முன்பு தொடங்க வேண்டும்? – வாசகர், நார்ஃபோக், வர்ஜீனியா

எட்டு மாதம். முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி இரண்டு, நடுவே குறைந்தது 30 நாள். பிறகு ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும், குறைந்தால் மிச்ச நாளுக்குத் தனிமைக் காவல். சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, தவறுவது இங்கேதான். ஜெர்மனிக்கு என்றால் சிப், ஊசி, 21 நாள் காத்திருப்பு, கூடவே ஐரோப்பிய ஒன்றியத்துக்கான கால்நடை மருத்துவச் சான்றிதழ். 2024 முதல் வெளிநாட்டு மாற்றலில் ஒரு நாய் அல்லது பூனைக்கு 2,000 டாலர் வரை திருப்பித் தருகிறார்கள், ரசீதை வையுங்கள்.

கொரியாவுக்குக் குடும்பத்தோடு போவது பாதுகாப்பா? – வாசகி, டகோமா, வாஷிங்டன்

ஹம்ஃப்ரீஸ் தளம் பள்ளி, மருத்துவமனை, அடுக்குமாடி எல்லாம் உள்ள ஒரு ஊர். தனியாகப் போவதைவிடக் குடும்பத்தோடு போனால் பணிக்காலம் நீளம். அவசர வெளியேற்றத்துக்கான 'நியோ' கோப்பு ஒன்றை எல்லாக் குடும்பமும் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட், ஆர்டர் நகல், டிடி 2585 படிவம், பவர் ஆஃப் அட்டர்னி அதில் இருக்கும். ஒத்திகையும் நடக்கும். கணவர் பணியில் இருப்பார், நீங்களும் பிள்ளைகளும்தான் கிளம்புவீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனைவி கிரீன் கார்டையும் அந்தக் கோப்பிலேயே வைக்க வேண்டும்.

காரைக் கப்பலில் அனுப்பலாமா? – வாசகர், கிலீன், டெக்ஸாஸ்

ஜெர்மனிக்கு ஒரு கார் அரசு செலவில். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். நிறுவனம் திரும்ப அழைத்த பழுது சரிசெய்யாமல் இருந்தால் வாங்க மாட்டார்கள். டாங்க்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் கூடாது, அடிப்பாகம் வரை கழுவியிருக்க வேண்டும். முன் கதவுக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் இங்கேயே உரித்துவிடுங்கள், அங்கே பரிசோதனையில் நிற்கும். முக்கோணம், முதலுதவிப் பெட்டி, மின்னும் மேலங்கி மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். பனிக்காலத்துக்கு மலையும் பனிச்செதிலும் பொறித்த டயர்தான் செல்லும்.

மனைவி ஓட்டுவதானால் அமெரிக்க மாநில லைசென்ஸை இங்கேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அது கையில் இருந்தால் அங்கே படையின் எழுத்துத் தேர்வோடு முடியும். இல்லாவிட்டால் டிரைவிங் ஸ்கூல், நேரமும் பணமும் நிறையப் போகும். தேர்வில் ஆட்கள் தோற்பது ஒரே விதியில்: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி, அவர் வருவது சின்னச் சந்தாக இருந்தாலும்.